சபைக்கு ஆள் சேர்த்தவன்

1

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். "அர்னோ படிப்பு எப்ப முடியுது?" என் தங்கை கேட்கிறாள். புதுச்சேரியில் எங்கள் பழைய தெருவில் இருக்கும் சிநேகிதர்கள் கேட்கிறார்கள். "இன்னும் ரெண்டு வருஷம்" என்று சொல்லி வைக்கிறேன். அது பொய். அர்னோ படிப்பை விட்டு எட்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவன் என்னோடு பேசியும் அவ்வளவு நாள் ஆகிறது. போனில் சொல்ல வாய் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரும் நவம்பரோடு ஒரு வருஷம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயர் சவரிநாதன். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த புதுச்சேரிப் பையன்கள் பலரையும் போல, பத்தொன்பது வயதில் கட்டாய ராணுவ சேவைக்காக பிரான்சுக்கு வந்தேன். அது முடிந்ததும் ஒரு நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு பதியும் பிரிவில் உட்கார்ந்தவன், ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை. மனைவி லூர்து. ஒரே பிள்ளை அர்னோ.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குப் போகிறேன். ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், உதவிச் சங்கம் ஒன்றின் அறை இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. மூன்று மேசை, ஒரு பிரிண்டர். பிரெஞ்சு எழுத வராதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வீட்டு மனு, விசா புதுப்பிக்கத் தேதி கேட்டு மனு, காஸ் பில்லில் தகராறு, இப்படி. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். முதல் ஆறு மாதம் அவர்கள் பேச்சு எனக்கும் என் பேச்சு அவர்களுக்கும் பாதிதான் புரிந்தது. இப்போது பழகிவிட்டது.

2

குகதாசன் வந்தது நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை. ஐம்பது வயது இருக்கும். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல் வேலை. கையெல்லாம் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். செவ்ரான் என்ற புறநகரிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். உட்கார்ந்து வெகுநேரம் தொப்பியைக் கழற்றவில்லை.

"அண்ணை, ஒரு கடிதம் எழுதோணும். மகள் எஞ்சினியருக்குப் படிக்கிற இடத்துப் பெரியவருக்கு."

எந்தக் கல்லூரி என்று கேட்டேன். சொன்னார். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"என் பையனும் அங்கதான் தம்பி. ரெண்டாவது வருஷம்."

"அப்ப அண்ணைக்கு அங்கத்தைய நடைமுறையெல்லாம் தெரியும். நல்லதாப் போச்சு."

"உங்க பொண்ணே எழுதலாமே? என்னைவிட நல்லாவே எழுதுமே."

"அவள் எழுதமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள். தானாப் பேர் குடுத்துப் போனதாம், ஆரையும் குற்றம் சொல்லேலாதாம். எனக்குத்தான் மனம் கேக்கேல்லை."

மகள் பெயர் கீர்த்தனா. பதினெட்டு வயது. இங்கேயே பிறந்தவள். செப்டம்பரில் முதல் வருஷம் சேர்ந்தாள். அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வாரயிறுதிக்குக் கூட்டமாக வெளியூர் போனார்கள். புதிதாக வந்தவர்களை வரவேற்கிற வாரயிறுதி என்று பேர். போனவள் ஆம்புலன்ஸில் திரும்பினாள். வலது முழங்கால் சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. இரண்டு ஆபரேஷன் முடிந்து, மூன்றாவதுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

"இனி மடங்காது எண்டுதான் டொக்டர் சொல்லுறார்," என்றார். "அவளின்ரை பர்ரேன்தான் அண்ணை கையை விட்டவன்."

பர்ரேன் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான், ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையோடு நிற்கிறவர். நான் தட்டச்சு செய்துகொண்டே கேட்டேன்:

"எந்தக் கோவில்ல ஞானஸ்நானம் குடுத்தீங்க?"

"ஐயோ அண்ணை, நாங்கள் சைவம்."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். அந்த அறையில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு விளக்கினார். கல்லூரிக்குள் மாணவர்கள் நடத்தும் ஒரு சபை இருக்கிறதாம். கொன்ஃப்ரெரி என்கிறார்கள். சகோதரக் கூட்டம். இரண்டாம் வருஷத்துக்காரன் ஒவ்வொருவனும் புதுசாக ஒரு ஆளைச் சேர்க்க வேண்டும். சேர்க்கிறவன் பர்ரேன், சேர்கிறவள் அவனுடைய ஞானப்பிள்ளை. சேருமுன் சோதனைகள் உண்டு. ஊரில் ராகிங் என்று சொல்வதற்கு இங்கே பிஸுதாஜ் என்று பேர். சம்மதித்துப் போனவருக்குச் செய்தாலும் சட்டப்படி அது குற்றம்தான். அதை அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றைய சோதனை இது. தண்ணீர் வற்றிய பழைய வாய்க்கால் மதகு ஒன்று, இரண்டு பக்கமும் கற்சுவர். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி அந்தச் சுவர்மேல் நடக்க விடுவது. முழங்கால் உயரம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். பர்ரேன் கையைப் பிடித்துக்கொண்டு வருவான். கடைசியில் கையை விட்டுவிடுவான். மூன்று அடி தனியாக நடக்க வேண்டும். நம்பிக்கைச் சோதனையாம். கீர்த்தனா இரண்டாவது அடியைப் பக்கவாட்டில் வைத்தாள். உள்பக்கம் முழங்கால் உயரமில்லை, இரண்டாள் உயரம். கீழே வெறும் கல்.

"பின்னேரம் மூண்டு மணிக்கு விழுந்தவள். ஆம்புலன்சுக்கு அடிச்சது நாலு மணிக்குப் பிறகு. அதுவரைக்கும் போத்திலெல்லாம் பொறுக்கினவையாம். படமெடுக்கேக்கை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லச் சொல்லி அவளுக்குப் பாடமாக்கினவையாம். அவளும் ஆஸ்பத்திரியிலை அப்பிடியேதான் சொன்னவள். எனக்கே போன கிழமைதான் உண்மையைச் சொன்னவள்."

"அந்தப் பர்ரேன் பேரு?"

"சபைக்குள்ளை ஒருத்தரும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லையாம் அண்ணை. பட்டப்பேர்தான். அவளுக்குச் சொந்தப் பேரும் தெரியும், சொல்லுறாள் இல்லை. தமிழ்ப் பொடியன். உங்கடை பக்கத்துத் தமிழ் கதைக்கிறவன். முதல் நாளே வந்து ‘நீ தமிழா?’ எண்டு கேட்டவனாம். ரெண்டு கிழமை பக்கத்திலை இடம் பிடிச்சு வைச்சு, போன வருச நோட்ஸ் குடுத்து, இஞ்சை லா சப்பலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து கொத்துரொட்டி வாங்கிக் குடுத்து... நானும் சந்தோசப்பட்டனான், ஒரு தமிழ்ப் பொடியன் பாத்துக்கொள்ளுறான் எண்டு. கையை விடேக்கையும் தமிழிலைதான் சொன்னவனாம், ‘பயப்படாத, நான் இருக்கேன்’ எண்டு." அவர் அதை எங்கள் பேச்சு மாதிரியே சொல்லிக் காட்டினார். "அவனை அங்கை ராஜா எண்டுதான் கூப்பிடுவினமாம்."

என் விரல் நின்றுவிட்டது.

அர்னோவுக்கு ஒரு கருநீல ஸ்வெட்டர் உண்டு, தலைக்கு மூடி வைத்தது. அதன் இடதுகையில் வெள்ளை நூலில் ‘லெ ராஜா’ என்று தைத்திருக்கும். அதை இஸ்திரி போடுவது நான்தான். நண்பர்கள் வைத்த பெயர் என்றான். இந்த நாட்டில் பிறந்தும் கறுப்பன், அராபியன் என்று கேட்டுக்கொண்டு வளர்ந்தவனை ராஜா என்கிறார்களே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"அண்ணையின்ரை மகனிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ," என்றார் குகதாசன். "அவருக்கு ஆரெண்டு தெரிஞ்சிருக்கும்."

"கேக்குறேன்," என்றேன். "அடுத்த சனிக்கிழமை வாங்க. அதுக்குள்ள எழுதி வைக்கிறேன்."

அவர் எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

3

ரயிலில் வீட்டுக்கு வரும்போது என் பட்டாள நாட்கள் நினைவுக்கு வந்தன. நானாக வரவழைக்கவில்லை.

பிரான்சின் கிழக்கு எல்லையில் ஒரு படைமுகாம். டிசம்பர் மாதம். புதுச்சேரியில் ஸ்வெட்டரே போட்டறியாதவன் நான். முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், பழைய ஆட்கள் ஐந்தாறு பேர் என்னைக் கட்டிலோடு கட்டி, சமையற்கட்டிலிருந்து கோதுமை மாவைக் கொண்டுவந்து முகம் கை கால் எல்லாம் பூசினார்கள். "இப்பத்தான் பிரெஞ்சுக்காரன் ஆனாய்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறையில் குளிர்ந்த தண்ணீரில் கழுவினேன். மாவு ஈரத்தில் பசையாகிப் புருவத்தில் ஒட்டிக்கொண்டது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்று சாயங்காலத்திலிருந்து அவர்கள் என்னைச் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ‘நண்பர்கள் நல்லவர்கள்’ என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவும் பழைய சிப்பாய். அந்தக் கடிதத்தைக் கோவில் வாசலில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாராம்.

எட்டு மாதம் கழித்து ரெயூனியன் தீவிலிருந்து ஒரு பையன் வந்தான். மாவு மூட்டையைத் தூக்கி வந்தது நான்.

இதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. விருந்தாளி வந்தால் லூர்தே கேட்பாள், "அந்த மாவுக் கதையைச் சொல்லுங்க." நான் எழுந்து நின்று நடித்துக் காட்டுவேன். அர்னோ சின்ன வயதில் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். குளியலறையில் அழுததை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

4

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, சாப்பிட்டு, லூர்து பாத்திரங்களை எடுத்துவைத்துக் கொண்டிருந்தாள். அர்னோ நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். பத்து வயதிலிருந்து அப்படித்தான். சண்டையும் அப்படியே.

"கீர்த்தனான்னு ஒரு பொண்ணு. தெரியுமா?"

போன் மேசைக்கு வந்தது.

"யார் சொன்னது?"

"அவங்க அப்பா. நேத்து என் எதிர்ல உக்காந்து சொன்னாரு. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது."

அவன் மறுக்கவில்லை. அதை அவனுக்காக இங்கே எழுதி வைக்க வேண்டும். முதலில் வேகவேகமாகப் பேசினான். இருபது வருஷமாக நடக்கிற சோதனை, யாருக்கும் எதுவும் ஆனதில்லை, அவளாகத்தான் பெயர் கொடுத்தாள், சுவரின் உள்பக்கம் அவ்வளவு ஆழம் என்று தனக்கே தெரியாது. போன வருஷம் தானும் அதே சுவரில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்ததாகச் சொன்னான்.

"அந்தப் பொண்ண எப்படிப் பிடிச்ச?"

"பட்டியலில் பெயரைப் பார்த்தேன். அக்டோபருக்குள் ஒரு ஆளைச் சேர்க்காதவன் சபையில் இருக்க முடியாது. எனக்கு யாரும் கிடைக்கவில்லை. எல்லாரும் பெரிய பர்ரேன்களிடம் போய்விட்டார்கள். தமிழில் பேசினால் வருவாள் என்று நினைத்தேன்."

என் பிள்ளை தமிழில் பேச வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டேன். கோடை விடுமுறையில் தங்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தத் தமிழ் அவனுக்கு உதவியிருக்கிறது.

"விழுந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஏன் ஆம்புலன்சைக் கூப்பிடல?"

"போன்களை எல்லாம் ஆரம்பத்திலேயே ஒரு பையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அது விதி."

"பை எங்க இருந்தது?"

அவன் மேசையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தான். லூர்து கையில் ஈரத்தோடு வாசற்படியில் வந்து நின்று கேட்டாள்.

"அர்னோ, பை எங்கடா இருந்தது?"

"என் தோளில்," என்றான்.

அதன்பிறகு அவன் சொன்னது கொஞ்சம்தான். எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்களாம். ஒருவன், ‘போன் பண்ணினால் எல்லாருக்கும் படிப்பு போய்விடும், முதலில் இடத்தைச் சுத்தம் பண்ணுவோம்’ என்றானாம். கீர்த்தனா கீழே கல்லில் கிடந்து தமிழில் அம்மா அம்மா என்று அழுதுகொண்டிருந்தாளாம். அது அங்கே அவனுக்கு மட்டும்தான் புரிந்தது. கடைசியில் பையைத் திறந்து கூப்பிட்டதும் அவன்தான்.

"மத்தவங்க யார் யாரு?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் செய்திருக்கிறோம்." பிறகு என்னைப் பார்த்தான். "நீங்கள் அந்த மாவுக் கதையில் யார் பெயரையாவது சொல்லியிருக்கிறீர்களா, அப்பா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

லூர்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "வேற யாராவது எழுதட்டும். பக்கத்து மேசைக்கு அனுப்பிடுங்க. பேரு தெரியாதுன்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணே சொல்லலையே, நாம ஏன் சொல்லணும்? அந்தப் பொண்ணுக்கு முழங்கால் போச்சு. இவனுக்கு எல்லாமே போயிடும்."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வாரம் முழுக்க அதையேதான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். திங்கள்கிழமை பெயர் இல்லாமல் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். புதன்கிழமை அதை எடுத்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தேதி, இடம், காயம், சட்டப் பிரிவு. யார் செய்தார்கள் என்பது மட்டும் இல்லை. நகராட்சியில் தகப்பன் பெயர் இல்லாத பிறப்புப் பதிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுவோம். வியாழக்கிழமை மறுபடி உட்கார்ந்து அந்தப் பெயரையும் தோளில் இருந்த பையையும் சேர்த்தேன். அர்னோவிடம் சொன்னேன். கதவுக்கு அந்தப்பக்கம் இருந்து, "கேட்டது" என்று மட்டும் சொன்னான்.

5

சனிக்கிழமை குகதாசன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பையில் ஒரு டப்பா. "மனிசி செய்தவ. வாய்ப்பன். உங்களுக்கும் வீட்டுக்கும்," என்று மேசையில் வைத்தார். வாழைப்பழம் பிசைந்து பொரித்த அந்தப் பலகாரத்தை நான் தொடவில்லை.

கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி வந்தேன். எங்கள் சங்கத்தில் அது வழக்கம். கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும். மதகு வந்தது. கண்ணைக் கட்டியது வந்தது.

"‘என் மகளின் கையைப் பிடித்திருந்து விட்டவர், எல்லாருடைய போன்களும் இருந்த பையைத் தோளில் வைத்திருந்தும் ஒரு மணி நேரம் உதவிக்கு அழைக்காதவர், இரண்டாம் ஆண்டு மாணவர் அர்னோ சவரிநாதன்.’"

என் சட்டைப் பையில் பெயர் எழுதிய அட்டை குத்தியிருந்தேன். குகதாசன் அதைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"உங்கடை..."

"ஓம்," என்றேன். ஆமாம் என்று சொல்ல வேண்டியவன், அவர் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து மேசையில் யாருக்கோ பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. குகதாசன் தொப்பியைக் கழற்றினார். தலை முழுக்க நரை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன கிழமை தெரியுமோ?"

"நீங்க ‘ராஜா’ன்னு சொன்னப்ப தெரிஞ்சுது."

"தெரிஞ்சுகொண்டுதான் கையைக் குடுத்தனீங்களோ?"

மேசையில் இருந்த பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"ரெண்டு கிழமை என்ரை பிள்ளைக்குச் சாப்பாடு வாங்கிக் குடுத்தவன்," என்றார். குரல் உயரவில்லை. "நான் அவளிட்டைச் சொன்னனான், அந்தத் தம்பியை ஒருநாளைக்கு வீட்டை கூட்டிக்கொண்டு வா, நான் சமைச்சுப் போடுறன் எண்டு."

பேனாவை வாங்கி, இங்கே வந்த முதல் வருஷம் கற்றுக்கொண்டது போன்ற பெரிய பெரிய பிரெஞ்சு எழுத்துகளில் கையெழுத்துப் போட்டார். உறையை நான் ஒட்டப் போனேன். வாங்கித் தானே ஒட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் கிளம்பும்போது ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்பார்கள். அவர் "போறன்" என்றார்.

வாய்ப்பன் டப்பா மேசையிலேயே இருந்தது. திருப்பிக் கொடுக்கக் கூப்பிட எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. சங்கத்து அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் பூத்துப்போயிருந்தது.

6

கல்லூரியில் விசாரணைக் குழு டிசம்பரில் கூடியது. கடிதத்தில் இருந்த ஒரே பெயர் அர்னோ. மற்றவர்கள் யார் என்று கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. கீர்த்தனா படுக்கையிலிருந்து எழுதி அனுப்பிய வாக்குமூலத்தில், கண் கட்டியிருந்ததால் மற்றவர்களைத் தெரியாது என்று மட்டும் இருந்தது. சபையிலிருந்து யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அர்னோவுக்கு இரண்டு வருஷம் நீக்கம். போலீஸ் விசாரணை தனியாக. அது இன்னும் முடியவில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் இரண்டு பையன்கள் காரில் வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார்கள். ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு போக வந்தார்களாம். சபையில் இல்லாதவன் அதை வைத்திருக்கக் கூடாதாம். வாயைத் திறக்காமல் அவர்களைக் காப்பாற்றியவன் என் மகன். அர்னோ உள்ளே போய் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். "மெர்சி, ராஜா" என்று நன்றி சொல்லி ஒருவன் முதுகில் தட்டினான்.

அந்த வாரமே அர்னோ நாந்த் நகருக்குப் போய்விட்டான். ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை லூர்துவின் போன் அடிக்கும். அவள் போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போவாள். பேசிவிட்டு வந்து, "நல்லா இருக்கானாம்" என்பாள். அதற்குமேல் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். பூசைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். பூசையின் நடுவே பக்கத்திலிருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் அவள் எனக்குக் கொடுக்குமுன் பின்வரிசைக்காரருக்குக் கை கொடுக்கிறாள்.

7

போன மாதம், செப்டம்பர் கடைசியில், மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக வெகுநேரம் வந்தது. கதவருகே ஒரு பெண் வந்து மூச்சு வாங்க நின்றாள். வலது கால் நேராக விறைத்திருந்தது. அவளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவுடன் எழுந்து நின்றேன்.

"நீங்கள்தானே மிசியே சவரிநாதன்?"

"ஆமாம்மா. உக்காருங்க. வேற யாரையாவது எழுதச் சொல்றேன், பக்கத்து மேசையில..."

"இல்லை. உங்களிட்டைத்தான் வந்தனான்."

அவளுடைய தமிழ் அப்பாவின் தமிழ்தான், இடையிடையே பிரெஞ்சு. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கோடு போட்ட தாளில் கையால் பிரெஞ்சில் எழுதியிருந்தது. ‘க’வுக்கு வளைவு அதிகம் போடுகிற பழக்கம் என் பையனுக்குத் தமிழில் உண்டு, பிரெஞ்சில் ‘ஜே’ எழுத்துக்கும் அப்படியேதான் போடுவான். படிக்குமுன்பே யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"போன கிழமை வந்தது. அப்பாவுக்கு இன்னும் காட்டேல்லை. வாசியுங்கோ."

இரண்டு பக்கம். மன்னிப்புக் கேட்டிருந்தான். ஆள் சேர்க்காவிட்டால் தன்னை நீக்கிவிடுவார்கள் என்பதால்தான் அவளைத் தேடி வந்ததாக எழுதியிருந்தான். பை தன் தோளில் இருந்ததை எழுதியிருந்தான். இரண்டாம் பக்கத்தில் ஏழு பெயர்கள், சொந்தப் பெயர்கள், ஒவ்வொருவரும் அன்று என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு வரி. முதலாவது அவனுடையது.

"ஆள் தேவைப்பட்டபடியால்தான் வந்தவர் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது," என்றாள். "நான் ஒண்டும் சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் அந்த ரெண்டு கிழமையும் நான் சந்தோசமா இருந்தனான். அங்கை என்னோடை வேறை ஒருத்தரும் கதைக்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோவம். கால் இல்லை."

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள்.

"இந்த வருசமும் அங்கை ஹாலிலை ஆக்கள் சேர்க்க மேசை போட்டிருக்கினம். சபைக்கு வேறை பேர் வைச்சிருக்கினம், ஆக்கள் அதே ஆக்கள். என்ரை சிநேகிதி படம் அனுப்பினவள். வாற வாரயிறுதி புதுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகினமாம். அதுக்கு முதல் கடிதம் போகோணும். டிரெக்டருக்கு ஒண்டு, போலீசுக்கு ஒண்டு."

"நீங்களே எழுதலாமே. என்னைவிட நல்லா எழுதுவீங்க."

"எழுதிக்கொண்டு வந்திட்டன்," என்றாள். தன் போனில் காட்டினாள். பிழையில்லாத பிரெஞ்சு. "ஆனால் அந்தப் பேரை நீங்கள் ஒருக்கா எழுதினீங்கள். அப்பா சொன்னவர். மிச்சப் பேரையும் நீங்கள் பாக்கோணும் எண்டு நினைச்சனான்."

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவளுடைய வாக்கியங்களில் நான் எதையும் மாற்றவில்லை. பெயர்கள் வந்தபோது எந்த வரிசையில் போட என்று கேட்டேன்.

"அவர் எழுதின மாதிரியே போடுங்கோ."

போட்டேன். பிரிண்டரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போன தடவை குகதாசன் கையெழுத்திட்ட இடத்தில் இந்தத் தடவை கீர்த்தனா கையெழுத்திட்டாள். இரண்டு பிரதியிலும் நிதானமாக, முழுப்பெயர். பிறகு அதைப் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. திரையை என் பக்கம் திருப்பினாள். அர்னோவின் பெயருக்குக் கீழே ஒரே சொல், மெர்சி.

எட்டு மாதத்துக்குப் பிறகு அன்று என் மகனின் எழுத்தை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டும் எனக்கு எழுதியவை அல்ல. போனை அவளிடம் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

அந்த வாரயிறுதி நடக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கல்லூரி தடை செய்துவிட்டது. ஏழு பேரையும் போலீஸ் கூப்பிட்டிருக்கிறது, அர்னோ உட்பட. நாந்திலிருந்து ரயிலேறி வந்து, வாக்குமூலம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வராமலே திரும்பிப் போயிருக்கிறான். லூர்து ரயில் நிலையத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இளைத்திருக்கிறானாம்.

அன்று கீர்த்தனா கிளம்பிய பிறகு படியில் அந்தச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தேன். வெளியே நாற்காலியில் ஒரு அம்மாள் கையில் மின்சார பில்லோடு காத்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன்.